அமிர்தம் எழுதாத பரீட்சை

அரங்கநாதனுக்கு அண்ணி அமிர்தத்தின் மேல் இருபத்திரண்டு வருடத்துக் கோபம். வாய்க்காலை ஒட்டி முப்பத்திரண்டு சென்ட் நிலம், அண்ணனுக்கும் தம்பிக்கும் பொதுவாக இருந்தது. பயிர்க்கடனுக்குப் பத்திரம் என்று சொல்லி அண்ணன் கந்தசாமி அதை வேறொருவனுக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டான். சாட்சி போட்டது அமிர்தம். மையைத் தொட்டு ஒரு அழுத்து, அவ்வளவுதான். மறு வருடமே அண்ணன் செத்துப்போனான். செத்தவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? திட்டுவதற்கு மிச்சம் இருந்தவள் அவள்தான்.

தெருக்குழாயில் அவள் குடத்தோடு நிற்கும்போது காதில் விழுகிற மாதிரி, "ஒரு வெரலால எங் குடியக் கெடுத்த கைநாட்டு" என்பான். குடம் நிரம்பியதும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள்.

ரிஷிவந்தியம் பக்கம் பிறந்தவள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போனதெல்லாம் எருமைக்குத் தண்ணீர் காட்டத்தான். கிணறு அங்கே இருந்தது. புருஷன் போன பிறகு கரும்பு வெட்டும் ஆட்களோடு சேர்ந்து கட்டுக் கட்டினாள். ஒரே மகள் ராதிகாவை உளுந்தூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தாள். ஒரு நாளைக்கு எத்தனை கட்டு என்று மேஸ்திரி நோட்டைப் பார்த்துச் சொல்வதற்குள் அவள் மனசிலிருந்து சொல்லிவிடுவாள். அதில் மட்டும் யாரும் அவளை ஏய்த்ததில்லை.

அறுபது வயதில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு வந்தது. சொல்லிக்கொடுத்தது அதே தெருப் பெண் சந்தியா. முதல் பேர் கொடுத்தவள் அமிர்தம். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. நூற்றைம்பது மார்க்கு. வாசிக்க ஐம்பது, எழுத ஐம்பது, கணக்குக்கு ஐம்பது. எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிக் கேள்வித்தாள். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அரவை முடிந்து அரங்கநாதனின் டிராக்டர் சும்மா நின்றது. சந்தியா கெஞ்சிக் கேட்டதால் கிழடுகட்டைகளை டிரெய்லரில் ஏற்றிவந்து இறக்கினான். மொத்தம் இருபது பேர். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டி இடிக்க இடிக்க உட்கார்ந்தார்கள்.

"இன்னாடி, பிட்டு கொண்டாந்தியா?" என்றாள் பின் பெஞ்சுக் கிழவி ஒருத்தி.

"மடியில வெத்தல பாக்குதான் கீது. வோணுமா?"

அமிர்தம் சிரிக்கவில்லை. எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, "ம... ர... மரத்... தில்..." என்று உருட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வரி முடிவதற்குள் ஒரு பீடி பிடித்து முடித்துவிடலாம்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒருவன், "ரங்கா, ஒங்க அண்ணி கலெக்டராயிடுவா போல. பொழுதுதான் சாஞ்சிடும்" என்றான். நான்கு பேர் சிரித்தார்கள்.

சந்தியாவுக்குக் கை ஓடவில்லை. "மாமா, இன்னும் கொஞ்ச நேரத்துல பேப்பர் கட்டணும். ஒருத்தர் ஃபெயிலானாலும் ஏன்னு என்னியத்தான் கேப்பாங்க. அத்தைக்குக் கொஞ்சம் கை குடுங்களேன்."

அரங்கநாதன் படித்தது ஐந்தாவது வரை. அவனும் இப்படித்தான் வாசிப்பான், எழுத்து எழுத்தாக. ஆலையில் எடைச்சீட்டு கொடுத்தால், "கண்ணாடிய வூட்டுல வச்சிட்டு வந்துட்டேன், நீயே படி" என்று அடுத்தவனிடம் நீட்டிவிடுவான். அவனிடம் கண்ணாடியே கிடையாது. அமிர்தம் நாலு பேர் முன்னால் உருட்ட உருட்ட, அவனுடைய குட்டைத்தான் யாரோ உடைத்துக்கொண்டிருப்பது போல் இருந்தது.

"குடு இப்பிடி" என்று பென்சிலைப் பிடுங்கினான்.

"தம்பி, நான் எழுதறேன்பா. மெதுவா எழுதினா இன்னா?"

"நீ எழுதி முடிக்கறதுக்குள்ள அடுத்த அரவ வந்துரும்."

மிச்சத்தை அவனே எழுதினான். தெரியாத இடத்தில் பக்கத்துத் தாளைப் பார்த்தான். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இருபது பேரும் பாஸ். அமிர்தத்துக்கு நூற்று இருபத்தொன்று. ஒருத்தர்கூடத் தவறவில்லை என்று பள்ளிக்கூடத்துக்கு நல்ல பேர். எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்துக் கை தட்டினார்கள்.

அடுத்த வாரம் புது வகுப்பு தொடங்கியது. அமிர்தம் நோட்டோடு போய் நின்றாள். சந்தியா சங்கடப்பட்டாள்.

"பாஸானவங்க பேர எடுத்தாச்சு அத்த. இனிமே புது ஆளுங்களத்தான் சேக்கணுமாம்."

"ஃபெயிலாயிருந்தா?"

"இன்னொரு ஆறு மாசம் வந்திருக்கலாம்."

அங்கிருந்து நேராக அரங்கநாதன் வீட்டுக்கு வந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வாசலை அவள் மிதித்தது அன்றைக்குத்தான். சான்றிதழை அவன் முன்னால் வைத்தாள்.

"இந்தா, இது உன்து. நீதான பாஸான."

அவன் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைச் சொன்னாள்: "அறுபத்திரண்டுல முப்பத்தஞ்சு போனா இருபத்தேழு. நீ முப்பத்திமூணு போட்ட. பாத்துக்கினுதான் இருந்தேன்."

அவள் போன பிறகு அதை வைக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தான். அடியில் அந்தக் கிரயப் பத்திரத்தின் நகல் கிடந்தது. வழக்குப் போடுகிறேன் என்று குதித்த காலத்தில் வாங்கி வைத்தது. மூன்றாம் பக்கத்தில் அவளுடைய ரேகை. அதற்கு மேலே, விற்பவர் என்ற இடத்தில், அண்ணன் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவன் கையெழுத்து. 'அரங்கநாதன்' என்று கடைசியில் ஒரு சுழி சுழித்திருந்தான்.

அது அவனுக்குப் புதிதில்லை. அன்றைக்குப் பத்திர ஆபீசில் எழுத்தர், "படிச்சுப் பாத்துட்டுப் போடுப்பா" என்றுதான் சொன்னார். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். எழுத்துக் கூட்டினால் சிரிப்பார்களே என்று, படித்த மாதிரி தலையை ஆட்டிவிட்டுச் சரசரவென்று போட்டுவிட்டு வந்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவனுக்குத் தெரியும், மெதுவாக. கையெழுத்துப் போட்டவன், கைநாட்டு வைத்தவளை இருபத்திரண்டு வருடம் தெருவில் வைத்துத் திட்டியிருக்கிறான்.

சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை அவள் வாசல் வரை போனான். டீக்கடையில் பழைய பேப்பர் வாங்கி அவள் படியில் வைத்துவிட்டுத் திரும்பி வருவான். அவள் அதை உரக்க வாசிப்பது தெருவில் போகும்போது கேட்கும். நடையை எட்டிப் போடுவான்.

போன ஐப்பசியில் அவளுக்கு வயிற்றில் கட்டி. ராதிகா கைக்குழந்தையோடு வந்து சேர ஒரு நாள் ஆகும் என்பதால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அவன்தான் கூட இருந்தான். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். வயதைப் பார்த்து நர்சம்மா மைப்பெட்டியை நீட்டினாள்.

"பேனா குடும்மா" என்றாள் அமிர்தம்.

'அ' போட்டாள். 'மி' போட்டாள். மேல் வளைவு பெரிதாகிவிட்டது. அடுத்த எழுத்துக்குப் பேனாவைத் தூக்கி நிறுத்தினாள். நர்சம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள், வாங்கி நீயே போடேன் என்கிற மாதிரி.

"எழுதட்டும்மா" என்றான்.

முழுப்பேரையும் எழுதி முடித்தாள்.

மறுநாள் ஆபரேஷன். கட்டி முற்றிப்போயிருந்தது, அவள் கண் விழிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட அன்று மத்தியானம் அவள் அவனிடம் ஒன்று கேட்டிருந்தாள். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய் எடுத்து வந்திருக்கலாம். அவன் போகவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய், ஆஸ்பத்திரி வாசலில் பொழுது சாயும் வரை குந்திக்கொண்டிருந்தான்.

அவள் கேட்டது இதுதான்:

"தம்பி, அந்தப் பத்திரத்து நகலு உன்கிட்டதான கீது? எடுத்துக்கினு வா. நீ படிச்சுச் சொல்ல வேணாம், வாயையும் தொறக்காத. சும்மா பக்கத்துல குந்து. எங் கை எங்க கீது, ஒம் பேரு எங்க கீதுன்னு நானே படிச்சுப் பாக்கறேன்."