கிப்பன் சேரைப் பற்றி அவருடைய மனைவி எழுதுவது

சேர் செத்துப்போனார். நேற்று, டொரோண்டோவில்.

காலையிலிருந்து பேஸ்புக் முழுக்க அவருடைய படம்தான். ‘எங்கள் கிப்பன் சேர்’, ‘கெம்பஸின் வெளிச்சம்’, ‘ஓம் சாந்தி’... எழுதுங்கள், நன்றாக எழுதுங்கள்.

நான் அவருடைய மனைவி. முதல் மனைவி என்று சொல்லமாட்டேன், எங்களுக்குள் விவாகரத்து ஒன்றும் நடக்கவில்லை.

விடியவே அங்கிருந்து அவருடைய மகன் போன் எடுத்தான். மரியாதையான பிள்ளை.

“அன்ரி, அப்பான்ட சாம்பல மட்டக்களப்பு வாவியிலதான் கரைக்கணுமாம். அந்தியேட்டியும் உங்கட வீட்டிலதான் செய்யணுமாம். அதுதான் அவர்ட கடைசி ஆசை.”

செத்தவரைக் கரையேற்றும் கிரியை... அதுவும் என் வீட்டில்! யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசிக்க என்ன இருக்கிறது?

வந்தாறுமூலை கெம்பஸில் விலங்கியல் படித்தவர்களுக்குச் சேரின் அந்த லெக்சர் மறந்திருக்காது. சோடியாகவே வாழும் கிப்பன் குரங்குகள். விடிந்தால் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும். புதுச் சோடியின் பாட்டு ஒட்டாது, ஒன்றை ஒன்று முந்தும். காலம் போகப்போக இழைந்துவிடும். பேன் பார்ப்பது குறைந்தாலும், வெளியிலிருந்து ஒன்று நுழைந்தால் இரண்டும் ஒன்றாக நின்று விரட்டும்.

சேர் இரண்டு குரலிலும் கத்திக் காட்டுவார். வகுப்பே உருண்டு சிரிக்கும். நானும் அந்த வகுப்பில்தான் விழுந்தேன், மடைச்சி.

கலியாணம் முடிந்து, எங்கள் ஊர் வழக்கப்படி, என் அம்மா எனக்குத் தந்த கல்லடி வீட்டுக்கு அவர்தான் குடிவந்தார்.

சண்டைக் காலம். ஒரு நாள் காலையில் சோற்றுப் பார்சலோடு பஸ் ஏறியவர் திரும்பி வரவில்லை. “செக் பொயின்டில இறக்கிட்டாங்களாம்” என்றார்கள்.

அவருடைய போட்டோவோடு ஒவ்வொரு ஆமி காம்ப் வாசலிலும் நின்றேன். வெயிலில் நின்றேன், மழையில் நின்றேன். சென்ரிக்காரன்கள் சொன்ன பேச்சையெல்லாம் இங்கே எழுத முடியாது.

“புள்ள, மனசத் தேத்திக்க. அந்தியேட்டியச் செய்து அவரக் கரையேத்தி விடு” என்றார் பெரியம்மா. வந்த வழியே போங்கள் என்று கத்தினேன். பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை... வருடக்கணக்காக.

பிறகு ஒரு நாள், பக்கத்து வீட்டுக்குக் கனடாவிலிருந்து பிறந்தநாள் வீடியோ கெசட் ஒன்று வந்தது. ஜெனரேட்டர் போட்டு எல்லாரும் பார்த்தோம். கேக் வெட்டும்போது கமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. சேரின் சிரிப்பு.

கொஞ்சத்தில் ஆளே திரையின் ஓரத்தில் வந்தார். மீசை இல்லை, முன் தலை வழுக்கை, கையில் ஒரு கைக்குழந்தை. பக்கத்தில் ஒருத்தி அவருடைய சேர்ட் கொலரைச் சரிசெய்கிறாள். அங்கே இருந்த ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் போகுமா?

நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த நாளே ஐயரிடம் போய் நாள் வைத்தேன். தாலியை விற்றேன். தம்பியை வைத்து, வாவிக்கரையில், ஒரு குறையும் இல்லாமல் அவருக்கு அந்தியேட்டி செய்தேன். தெருவுக்கே சோறு போட்டேன். “இப்பயாவது புத்தி வந்திச்சே” என்று பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

சமாதான காலத்தில்தான் அவர் உயிரோடு இருப்பது ஊருக்குத் தெரிந்தது. “பாவம், தெரியாமச் செய்துபோட்டா” என்று இன்றுவரை என்னைச் சொல்கிறார்கள்.

இல்லை. தெரிந்துதான் செய்தேன். நன்றாகத் தெரிந்து, ஆசை தீரச் செய்தேன்.

அந்த நேரம் அவரும் ஒரு முறை போன் எடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, லெக்சர்தான். “கிப்பனும் சோடிய விட்டுட்டுப் போகுதாம். இப்ப அப்பிடித்தான் சொல்றாங்க. இதெல்லாம் இயற்கை.”

“போனாப் போகட்டும் சேர். தன்னை ஆமி பிடிச்சிட்டுதெண்டு நம்பவச்சி, மத்ததக் காம்ப் காம்பா அலையவிட்ட கிப்பன் ஒண்டச் சொல்லுங்க பாப்பம்” என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

சற்று முன் அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்தேன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, உள்ளதைச் சொன்னேன்.

“மனே, உங்கட அப்பாக்கு அந்தியேட்டி எப்பவோ முடிஞ்சி. நான்தான் செய்தன். ஒரு ஆளுக்கு ரெண்டு தரம் செய்யிறல்ல.”

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

போய்ச் சேருங்கள், சேர். என் வாசலில் உங்களுக்கு இடமில்லை.