ஜிம்மியும் நானும் பார்க்கும் வேலை

நாயோடு சேர்ந்து வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றை முதல் நாளே விளங்கிக்கொள்ள வேண்டும்: படித்தவர் நீங்கள்தான், ஆனால் ஆட்கள் தேடி வருவது நாயை.

உளவளத்துணையில் டிப்ளோமா முடித்துக் கிளிநொச்சியில் ஒரு சிறிய நிலையத்தில் வேலை கிடைத்தபோது, நாலு பிள்ளைகள் என்னை மரியாதையாக ‘மிஸ்’ என்று கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கூப்பிடுகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. முன்னால் ஒரு சொல்லையும் சேர்த்து ‘நாய் மிஸ்’ என்று கூப்பிடுகிறார்கள். மனம் சோர்ந்துபோன, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நிற்கிற, நித்திரை வராத பதின்வயதுப் பிள்ளைகளோடு கதைப்பது எங்கள் மூத்த உளவளத்துணையாளர் சுபா அக்காவின் வேலை. அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் சும்மா இருப்பது ஜிம்மியின் வேலை. ஜிம்மி சும்மா இருக்கும்போது அதற்குக் களைப்பா, தாகமா, அலுப்பா என்று பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. ஆடு, மாடு, கோழி, கைக்குழந்தை என்று வாய் பேசாத ஏதோ ஒன்றை நம்பிச் சம்பளம் வாங்குகிற என் சக பாவிகளுக்கு இந்த நிலைமை விளங்கும்.

ஜிம்மி வெளிநாட்டுச் சாதி நாய் இல்லை. மல்லாவிச் சந்தையில் மீன்கடைக்குப் பின்னால் பிறந்த மண்ணிற ஊர்நாய். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது விழுந்து கிடக்கும். வவுனியாவில் பொறுமையான மனிதர் ஒருவர் அதை எடுத்து வளர்த்து, ஊசிகள் எல்லாம் போட்டு, ஆட்களோடு பழக்கி எங்களிடம் தந்தார். அவர் நல்லாய் இருக்க வேண்டும்.

நோயாளி யார்?

எங்கள் வாசல் பலகையில் ஒரு பிள்ளையும் நாயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மாதிரிப் படம் வரைந்திருக்கிறது. வேலை தொடங்கிய புதிதில், பரந்தன் பக்கமிருந்து ஒரு பெரியவர் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினார். பின்பெட்டியில் உரப்பையை விரித்து அதன் மேல் தன் நாயைப் படுக்க வைத்திருந்தார். முதுகு முழுக்கச் சொறி, பாவம். வரிசையில் நின்ற தாய்மாருக்கு முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையிலேயே வைத்துவிட்டார்.

இங்கே நாய்களுக்கு வைத்தியம் பார்ப்பதில்லை ஐயா, நாய்தான் பிள்ளைகளுக்கு உதவி செய்கிறது என்று நான் விளங்கப்படுத்தினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மனச்சோர்வு என்றால் என்ன, நாய் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்கு எப்படி மனம் ஆறுகிறது என்று டிப்ளோமாவில் படித்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். எல்லாம் கேட்டு முடித்து, மூலையில் படுத்திருந்த ஜிம்மியை ஒரு பெரிய டொக்டரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “அப்ப உங்கட நாயிட்டை ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ பிள்ளை, என்ர நாய்க்கு என்ன செய்யலாம் எண்டு.”

கதைக்காத பிள்ளை

சாருஜாவுக்குப் பதினாறு வயது. வட்டக்கச்சியில் வயல் செய்கிற குடும்பம். நல்லாய்ப் படித்துக்கொண்டிருந்தவள், சாதாரணதரப் பரீட்சை கிட்ட வரப் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். பிறகு சாப்பாடு குறைந்தது. பிறகு வீட்டில் ஒருவரோடும் கதையில்லை. ‘இனி இருந்து என்ன செய்ய’ என்று அவள் ஒரு சிநேகிதிக்கு அனுப்பிய செய்தியை அந்தச் சிநேகிதி தன் தாயிடம் காட்டியபடியால்தான் எங்களிடம் வந்து சேர்ந்தாள். அந்த முகம் தெரியாத பிள்ளைக்கு நான் இன்றைக்கும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன். அவள் அதை இரகசியமாக வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே நான் விரும்புவதில்லை.

தகப்பன் கெட்டவர் இல்லை. வயலை விட்டுவிட்டு, ஒவ்வொரு கிழமையும் மோட்டார் சைக்கிளில் மகளை ஏற்றி இறக்குகிறவர். ஆனால் வந்தவுடன் ஒரு பாட்டுப் பாடுவார். தாங்கள் ஷெல்லடிக்குள் ஓடியது, ஒரு நேரக் கஞ்சிக்கு வரிசையில் நின்றது, உடன்பிறந்தவர்களைப் பறிகொடுத்தது எல்லாம் வரும். எல்லாம் உண்மை. சண்டை முடிந்த பிறகு பிறந்த இவளுக்கு வீடு இருக்கிறது, சோறு இருக்கிறது, போன் இருக்கிறது, பிறகு என்ன குறை என்று மகளுக்கு முன்னாலேயே எங்களைக் கேட்பார். அவர் கேட்கக் கேட்க அவள் தலை இன்னும் கொஞ்சம் குனியும். அவள் தன் துக்கத்துக்கே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

முதல் நாள் அவளை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே அந்தரம். ஜிம்மியைக் கை கொடுக்கச் சொன்னேன், உருளச் சொன்னேன், பந்து எடுத்து வரச் சொன்னேன். சேர்க்கஸ்காரி தோற்றுப்போவாள். சாருஜா நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜிம்மிக்கும் வெறுத்துவிட்டது போல, அவளுடைய காலடியில் போய்ப் படுத்து நித்திரையாகிவிட்டது. நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுக்க, சுபா அக்கா என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னா: “நீர் கொஞ்சம் சும்மா இரும். ஜிம்மி வேலை செய்யுது, குழப்பாதையும்.”

ஊருக்குச் சொன்னது

சாருஜாவின் தாய் எங்களிடம் பஸ்ஸில் வந்தால் எங்கள் நிலையம் இருக்கிற ஒழுங்கைக்கு முன்னால் இறங்கமாட்டா. அடுத்த தரிப்பில் இறங்கி, வெயிலுக்குள் திரும்பி நடந்து வருவா. எங்கள் பக்கத்தில் மனதுக்கு வைத்தியம் என்றால் அது ‘விசர்’ என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடும். ஒரு பெட்டைப்பிள்ளைக்கு அந்தப் பேர் ஒட்டினால், கலியாணம் பேசுகிற காலம் வரைக்கும் கழுவ ஏலாது.

ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் விடவில்லை. கிழமைக்குக் கிழமை எங்கே போகிறீர்கள் என்று வேலிக்கு மேலால் கேட்டிருக்கிறா. இவவும் வாயில் வந்தபடி, மகள் நாய் பழக்கப் படிக்கிறாள் என்று சொல்லியிருக்கிறா. அடுத்த கிழமை பக்கத்து வீட்டுப் பெண்ணே தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டா. அவனும் படிப்பில் பின்னுக்காம், இந்த வகுப்பிலாவது சேர்த்துவிடச் சொல்லி. ஜிம்மிக்குப் பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் போனபிறகுதான் அந்தப் பையனும் மாதக்கணக்காக நித்திரை கொள்ளவில்லை என்று தெரிந்தது. ஒரு பொய்க்கு நான் கையெடுத்துக் கும்பிட்டது அன்றைக்குத்தான். சாருஜாவின் தாய்க்கும் தன்னை நினைக்கவே சிரிப்பு வந்துவிட்டது. “மனம் சரியில்லை எண்டால் ஊர் கதைக்கும் மிஸ். நாய் பழக்கப் போறாள் எண்டு சொன்னன், இப்ப ஊர் வந்து இடம் கேக்குது.”

வெறும் பெட்டி

மத்தியானம் வருகிற பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டி கொண்டு வருவார்கள். வீட்டில் சோற்றைத் தொடாத சாருஜாவின் பெட்டி எங்களிடமிருந்து வெறுமையாகத் திரும்பிப் போகத் தொடங்கியது. தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒரு சீப்பு இதரை வாழைப்பழமும் முருங்கைக்காயும் கொண்டுவந்து தந்தா. நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அதே காலத்தில் என் ஸ்கூட்டியில் ஜிம்மி முன்னால் நிற்கிற இடம் சிறுத்துக்கொண்டே வந்தது. ஸ்கூட்டி சிறுக்க நியாயமில்லை. மிருகவைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் தராசில் ஏற்றி, மத்தியானம் அதற்குப் பக்கத்தில் யார் சாப்பிடுகிறார்கள் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிள்ளைக்கு இறங்காத சாப்பாட்டை நாய்க்கு இறக்குவதுதான் உங்கள் வைத்திய முறையா என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாழைப்பழச் சீப்பு ஏற்கெனவே முடிந்திருந்தது.

சுபா அக்கா சாருஜாவை ஏசவில்லை. உறைப்புக் கறி நாய்க்குக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்று மட்டும் சொன்னா. சாருஜா சட்டென்று நிமிர்ந்தாள். அதற்கு ஏதும் செய்துவிடுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவள் என்னோடு கதைத்த முதல் கதை அதுதான். அன்றைக்கு ஜிம்மிக்குத் தெரியாமல் பெட்டியை மறைத்து வைக்கப் பார்த்தாள். மறைக்கிற பொருளை நாய் விடுமா? முன்னால் குந்தி, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அவளே ஒரு வாய், இரண்டு வாய் என்று சாப்பிடத் தொடங்கினாள். நான் கண்டும் காணாத மாதிரி இருந்தேன். கழுவிய பெட்டியை மூடிக்கொண்டு அவள் என்னிடம் முறைப்பாடு சொன்னாள்: “நான் முடிக்கும்வரைக்கும் இவர் பார்வையை எடுக்கமாட்டார் மிஸ்.”

தேர் அன்று

ஆனாலும் அவள் வீட்டில் வாய் திறக்கவில்லை. ஜிம்மியோடு இரண்டு சொல், என்னோடு ஒரு சொல். தகப்பன் வந்தவுடன் கதவு பூட்டின மாதிரி முகம் பூட்டிவிடும். அந்த வீட்டில் அவளுக்கு ஒரு ஆள் கிடைக்காவிட்டால் நாங்கள் செய்வதெல்லாம் கிழமைக்கு ஒரு மணித்தியாலத்தோடு நின்றுவிடும் என்று சுபா அக்கா கவலைப்பட்டா. அந்தச் செய்தியை அவள் இன்னொரு முறை எழுதினால், அதைக் காட்ட ஒரு சிநேகிதி எப்போதும் இருப்பாள் என்று சொல்ல முடியாது.

அன்று பக்கத்து ஒழுங்கைக் கோயிலில் தேர். காலையோடு முடிந்துவிடும் என்றார்கள். மத்தியானம் தாண்டித்தான் தேர் எங்கள் பக்கம் திரும்பியது. முதல் வெடிக்கட்டுக் கொளுத்தியதும் ஜிம்மி வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு பாய்ந்து போய், சுபா அக்காவின் பெரிய மேசைக்குக் கீழே ஒளித்துவிட்டது. ஊரின் பயத்துக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர் நடுநடுங்கிக்கொண்டிருந்தார். எங்கள் தொழிலில் ஒரு கட்டாயம் இருக்கிறது, நாய் ஒதுங்கினால் ஒருவரும் இழுத்து எடுக்கக்கூடாது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சாருஜா நிற்கவில்லை. சட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மேசைக்குக் கீழே புகுந்து, ஜிம்மியின் முதுகில் கையை வைத்தாள். “ஒண்டுமில்லை எண்டு நான் சொல்லமாட்டன். உனக்குப் பயம்தானே” என்று அதற்குச் சொன்னாள்.

மகளைக் கூட்டிப்போக வந்த தகப்பன் கதிரையில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உந்த வெடிக்குப் போய் இந்த நாய் இப்படி என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்கவில்லை. எங்கள் மதிலோடு ஒரு பெரிய வெடி வெடித்தது. கதிரை புரண்டு கிடந்தது. அவர் சுவரோரம் குப்புறப் படுத்திருந்தார், இரண்டு கையும் பிடரியில், வாய் திறந்தபடி. அந்தப் படுக்கையை எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் முழங்காலில் எழும்பி, சேர்ட்டைத் தட்டி, மோட்டார் சைக்கிள் திறப்பு விழுந்துவிட்டது, அதைத்தான் தேடினேன் என்றார். திறப்பு சாவிவளையத்தோடு அவர் விரலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தார். அவள் எத்தனையோ மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே நிலம். அடுத்த வெடிக்கட்டுத் தொடங்கியது. சாருஜா ஜிம்மியைத் தன் மடிப்பக்கம் இழுத்து, கொஞ்சம் உள்ளே ஒதுங்கினாள். “அப்பா, திறப்பைப் பிறகு தேடுவம். இங்கால வாங்கோ, இதுக்குள்ள இடம் இருக்கு.”

அவர் தவழ்ந்து போனார். சுபா அக்கா என்னைக் கையில் பிடித்து வெளியே கூட்டி வந்து கதவைச் சாத்தினா. தேர் இருப்பிடத்துக்குப் போய், வெடி ஓய்ந்து நெடுநேரமாகியும் அவர்கள் வெளியே வரவில்லை. உள்ளே கதைத்தது அவர்களுடையது, நான் எழுதமாட்டேன். தகப்பன் அதற்குப் பிறகு அந்த ‘என்ன குறை’ப் பாட்டைப் பாடியதில்லை. சாருஜா வீட்டில் கதைக்கிறாள். பள்ளிக்கூடமும் போகிறாள். போக ஏலாத நாட்களும் இருக்கின்றன, அன்றைக்குத் தகப்பன் எங்களிடம் கூட்டி வருகிறார். வேலைக்கு வந்த முதல் மாதமே இதை விட்டுவிட்டு ஓட நினைத்தவள் நான். என்னை ஓடவிடாமல் வைத்திருந்த சுபா அக்காவுக்கும், ஓடி ஒளித்த ஜிம்மிக்கும் நான் நன்றியுள்ளவள்.

எங்கள் நிலையத்துக்கு இப்போது மேசை வாங்குவதென்றால், மேலே எத்தனை கோப்பு வைக்கலாம் என்று ஒருவரும் கேட்பதில்லை, கீழே எத்தனை பேர் இருக்கலாம் என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறோம்.