மூத்தவள் பாதியில் விட்ட மேசை விரிப்பு

லேஸ் பின்னுகிற குரோஷா ஊசியை முதல்முறை கையில் பிடிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். நூலைக் கழுத்தை நெரிப்பதுபோல் இறுக்குகிறார்கள். சங்கிலிப் பின்னல் தளர்வாக இருக்கட்டும், அடுத்த வரிசைக்கு ஊசி நுழைய வேண்டாமா என்று ஓய்வு பெறும்வரை வகுப்பு வகுப்பாகக் கத்திவிட்டேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி இறுக்குவார்கள். இந்த ஆயாசத்தை எனக்குத் தொடங்கிவைத்தவள் என் அக்கா.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தென்காசியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் குரோஷா பாடம் புதிதாக வந்திருந்தது. அக்கா அதற்கு முன்பே வயதுக்கு வந்து படிப்பை நிறுத்தியிருந்தாள். செங்கோட்டையிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நிலபுலம் உள்ள குடும்பம். மாப்பிள்ளைக்கு முதல் மனைவி தவறி வருஷம் திரும்பவில்லை; மீசையில் பாதி நரை. அப்பாவுக்கு இவையெல்லாம் குறையாகப் படவில்லை. மாப்பிள்ளையின் தாயார் ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தாள்: பெண்ணுக்கு லேஸ் பின்னத் தெரிய வேண்டும்.

"ஒனக்குத் தெரியும்லா, அவளுக்குச் சொல்லிக் குடு" என்று அம்மா அந்தச் சுமையை என் தலையில் கட்டினாள்.

வேறெங்கோ பார்த்துக்கொண்டே முழம் முழமாகப் பிச்சிப்பூ தொடுக்கிற அக்கா, குரோஷா ஊசியை மட்டும் உலக்கையைப்போலப் பிடித்தாள். வரிசை முடிவில் கடைசிக் கண்ணி எப்போதும் ஒளிந்துகொண்டிருக்கும். அதைத் தேடி எடுக்காவிட்டால் வரிசைக்கு ஒன்று குறைந்து, சதுரமாகத் தொடங்கியது முக்கோணமாக முடியும். அக்காவின் சதுரங்கள் எல்லாம் முக்கோணத்தில்தான் முடிந்தன.

"எண்ணுனா எப்படிக்கா கொறையும்?"

"என்னமோ கொறையுது. நீதான டீச்சரம்மா, கண்டுபிடி."

பிரித்த நூல் சுருண்டுபோகும். நனைத்துக் காயவைத்த பிறகுதான் மறுபடி உதவும். எங்கள் வீட்டுக் கொடியில் அந்த நாட்களில் துணியைவிட நூல்தான் அதிகம் தொங்கியது.

சாரல் தொடங்கியதும் மாப்பிள்ளை வீட்டார் குற்றாலத்தில் வீடு பிடித்துத் தங்கினார்கள். அருவியில் குளிக்கப் போகிறவர்களைப்போல நாங்களும் வண்டி கட்டிப் போனோம். ஈரத் தலையோடு அக்காவை உட்காரவைத்ததும், மாப்பிள்ளையின் தாயார் ஒரு துணிப்பையை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளை நூலில் ஒரு மேசை விரிப்பு. பாதியில் நின்றிருந்தது. ஊசிகூட அதிலேயே குத்தியிருந்தது.

"போய்ச் சேந்தாளே மூத்தவ, அவ போட்டது. விட்ட எடத்துல இருந்து போடும்மா, பாப்போம். நம்ம வீட்டுக்கு வந்து நீதான முடிக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் தொடரவே கூடாது. கைக்குக் கை இழுப்பு மாறும். சேர்ந்த இடம் தழும்பாகத் தெரியும். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

அக்கா அந்தக் கடைசிக் கண்ணியைச் சற்று நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு ஊசியை எடுத்தாள். அவள் அதுவரை பின்னியதிலேயே ஆக மோசமானது அன்று பின்னியதுதான். கண்ணிகள் விட்டுப்போயின. நூல் கயிறாக இறுகியது. விரிப்பின் ஓரம் பொரித்த அப்பளம்போல் சுருண்டது.

"கை கொஞ்சம் இறுக்கம், பழகிரும்" என்றாள் அம்மா.

"மூத்தவ கை பஞ்சுல்லா. இது கயிறு திரிக்கிற கை. இந்த வயசுக்கு நாலு கண்ணி எண்ணத் தெரியலயே!" அந்த அம்மாள் அக்கா போட்டதை மட்டும் பிரித்துவிட்டு விரிப்பை மடித்தாள். "சொல்லி அனுப்புதோம்."

சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்பது எனக்கே தெரிந்தது.

திரும்பும்போது அப்பா முன்னால் வண்டிக்காரனோடு உட்கார்ந்துகொண்டார். அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள். அக்கா என் பையிலிருந்து நூலையும் ஊசியையும் எடுத்தாள். வண்டி குலுங்கியது. அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் தம் பாட்டுக்கு ஓடின. தென்காசிக் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தபோது அவள் மடியில் ஒரு வட்டப் பூ கிடந்தது. ஓரம் துளியும் சுருளவில்லை. வட்டம் தட்டையாக விழ வேண்டுமானால் சுற்றுக்குச் சுற்று அளவாகக் கண்ணி கூட்ட வேண்டும். அந்தப் பாடத்துக்கு நான் இன்னும் வந்திருக்கவே இல்லை.

"எம்மா, இங்க பாரேன்!" என்று பூவைப் பிடுங்கித் தூக்கினேன்.

அக்கா ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுத்தாள். பூ என் கையிலேயே பரபரவென்று அவிழ்ந்தது. அம்மா திரும்பிப் பார்த்தபோது நான் பிடித்திருந்தது வெறும் சுருட்டை நூல்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முடித்தவுடன் நூலை அறுத்து, நுனியைக் கடைசிக் கண்ணிக்குள் இழுத்து முடிச்சிட வேண்டும் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்!

"கடைசி முடிச்சு போடலன்னா இப்படித்தான் ஆவும். ஒனக்கு ஒண்ணுமே மண்டையில ஏறாதுக்கா."

"ஆமாட்டி, எனக்கு ஏறாது" என்று சொல்லி அக்கா சிரித்தாள்.

சிரிப்பு வேறு! வீடு சேரும்வரை நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நனைத்துக் காயப்போட மறுபடியும் ஒரு கண்டு நூல்.