கைவிடப்பட்ட என்று நான் எழுதிய சொல்

என் கைப்பேசியைக் கையெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாக மாமனார் அதை முறைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தம்பின் ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைகளுக்கு நடுவே எங்கள் இடுகாடு இருந்தது. தோட்டத்தை விட்டுச் சிதறிப்போன குடும்பங்கள் தங்கள் பெரியவர்களின் சமாதியைக் கண்டுபிடிக்கட்டுமே என்று அதற்கு ஓர் இணையத்தளம் செய்திருந்தேன். சிரம்பானின் லோபாக் பகுதியில் வீட்டிலிருந்தபடியே கடைகளுக்குத் தளம் செய்து, தேடுகிறவர் கண்ணில் அது முதலில் படும்படி எழுதிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு.

மாமாவுக்கு எதிலும் சந்தேகம். அப்போதுதான் வாங்கிய பாலையும் முகர்ந்து பார்ப்பார். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும். "தேடி வர்றவன் எல்லாம் நம்மாளா லா? யாரு எதுக்குத் தேடுறான்னு ஒனக்குத் தெரியுமாம்மா?" என்று எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா' போட்டுக் கேட்டார். மூன்று வயதில் காய்ச்சலில் போன அவருடைய மூத்த மகள் அங்கேதான் இருந்தாள். மாதம் தவறாமல் மோட்டார் சைக்கிளில் போய்ப் புல் வெட்டிவிட்டு வருவார். அந்தச் சமாதியை யாரும் தொட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் அவருடைய பயம்.

தளத்தை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குத் தொழில் ரோஷம். தேடினால் தளத்தின் பெயருக்குக் கீழே இரண்டு வரி வருமே, அதை மாற்றி எழுதினேன்: செம்பனைக் காட்டுக்குள் கைவிடப்பட்ட தமிழர் இடுகாடு. கைவிடப்பட்ட என்று போட்டால் ஆட்கள் அதைத் தட்டித் திறக்காமல் போகமாட்டார்கள் என்பது எனக்கு அத்துப்படி. மாமாவிடம் சொல்லவில்லை. தளத்தில் கூட்டம் கூடியது. எங்கள் சிரம்பானிலிருந்தே ஒரு குடும்பம் போய்த் தங்கள் பாட்டன் சமாதியைக்கூடக் கண்டுபிடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில மாதம் கழித்து, நிலத்தை வாங்கிய கம்பெனி சமாதிகளை அகற்றுவது பற்றிப் பேச எங்களைக் கூப்பிட்டது. அதிகாரியும் தமிழர்தான். ஒரு தாளை எடுத்து என் இரண்டு வரியையும் நிதானமாக வாசித்தார். "உங்க தளத்துலயே கைவிடப்பட்டதுன்னு போட்டிருக்கு. அப்புறம் என்ன சார்?"

மாமா எழுந்தார். "அத நீங்கதான் உள்ள பூந்து மாத்தியிருப்பீங்க. என் மருமக அப்படி எழுதமாட்டா லா."

காரில் ஏறியதுமே அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். ஆனால் தேடுபொறி மறுபடி வந்து பார்க்கும்வரை பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். "மாறிடுச்சாம்மா?" என்று மாமா தினமும் காலையில் கேட்டார். அந்தச் சிரம்பான் குடும்பம்தான் காட்டிக்கொடுத்ததோ என்று நானும் கொஞ்ச நாள் சந்தேகப்பட்டேன். பழியை இறக்கிவைக்க எனக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இடுகாடு போய்விட்டது. மகள் இருந்த இடத்து மண்ணை ஒரு சின்னக் குடத்தில் மாமா மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கம்பெனிக்காரன் செய்த சூழ்ச்சி என்று சாகும்வரை வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். நான் காப்பி கலந்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ எழுதினாயா என்று என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேனா என்பது எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது.