முட்டை சாப்பிடச் சொன்ன மாரியம்மன்

தீயில் இறங்கி நடந்த மனிதரை அடுப்பு சுட்டுவிட்டது. இதை நான் எங்கே போய்ச் சொல்ல? என் வீட்டுக்காரர் சந்திரன், எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வருஷா வருஷம் தீ மிதிக்கிறவர். ஒரு கொப்புளம் வந்ததில்லை. போன ஆடி மாதம், விடாத மழையில், நனைந்த விறகு பிடிக்கவில்லை என்று மண்ணெண்ணெயை ஊற்றினார். குப்பென்று கிளம்பிய நெருப்பு சட்டையில் ஏறிவிட்டது. லயத்து வீடுகளில் இருந்த சனம் ஓடிவந்து கம்பளியைப் போர்த்தி அணைப்பதற்குள் நெஞ்சும் இரண்டு கைகளும் வெந்துவிட்டன.

ஹட்டன் ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போகிற வழியெல்லாம் நான் மாரியம்மாவைத் திட்டிக்கொண்டே போனேன். "உன்னையே நம்புன மனுசன இப்படிப் போட்டுட்டியேடி" என்று வாய்விட்டே திட்டினேன். பெற்றவளைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது?

அவர் எனக்கு நேர் எதிர். கண் திறந்ததும் நேர்த்தி வைத்தார். "புண்ணு ஆறி அம்மா வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் கவிச்சி தொட மாட்டேன்." மீன், முட்டை, கறி எதுவும் கிடையாது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அம்மை போட்டால் பத்தியம் இருக்கிறவர்கள்தானே நாம். பக்கத்து வீட்டுப் பார்வதியக்காவும் பார்க்க வந்து, "முட்டை மட்டும் குடுத்துறாத லெச்சுமி, புண்ணு சீழ் வச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரசமும் சோறுமாக ஊட்டினேன்.

ஆள் நாளுக்கு நாள் வற்றிப்போனார். தொடையிலிருந்து தோல் எடுத்து நெஞ்சில் ஒட்டினார்கள். ஒட்டிய தோல் பிடிக்கவில்லை. வார்டு டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். என்னை வெளியே கூப்பிட்டார்.

"அம்மா, இவ்வளவு பெரிய காயம் ஆறுறதுக்கு நிறையப் புரதம் வேணும். சாப்பாட்டில கிடைக்காட்டி உடம்பு தன்ர தசையையே கரைக்கத் தொடங்கிடும். முட்டை, மீன் குடுங்கோ. இந்தச் சத்துமாவையும் பாலில கரைச்சுக் குடுங்கோ. இப்பிடியே விட்டா அடுத்த தோலும் பிடிக்காது. உயிருக்கே ஆபத்து."

சத்துமாவைக் கரைத்துக்கொண்டு போனேன். அதிலும் முட்டை கலந்திருக்கும் என்று வாயை இறுக மூடிக்கொண்டார். பாலில் செய்தது என்று நர்ஸ் சொல்லியும் கேட்கவில்லை. "செத்தாலும் பரவால்ல லெச்சுமி, அம்மாகிட்ட சொன்ன சொல்லு மாறக்கூடாது." அழுகையைவிட எனக்குக் கோபம்தான் அதிகம் வந்தது. பிடிவாதத்துக்கு ஒரு பரிசு இருந்தால் இவருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தோட்டத்துக்கு வந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். பூசாரி மாமாவைப் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னேன். வெள்ளைப் பூவை ஒரு வெற்றிலையிலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் ஒன்றுபோலச் சுருட்டி, அம்மாவின் காலடியில் குலுக்கிப் போட்டார்.

"நல்லாக் கேட்டுக்கிட்டு நீயே எடு தாயி."

கேட்டேன். "ஆத்தா, அவரு நேர்த்திய என் தலைக்கு மாத்திவிடு. அவருக்காக நான் கவிச்சி தொடல. அவரு சாப்பிட்டுப் பிழைக்கட்டும். சம்மதம்னா வெள்ளையக் குடு."

ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை!

இதைச் சொல்லும்போது இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல என் பக்கம் நின்றாளே! அவள் எவ்வளவு பெரியவள், நான் எவ்வளவு சின்னவள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பெத்தவ புள்ளயப் பட்டினி போடுவாளா? கொண்டுபோய்க் காட்டு" என்று பூசாரி மாமா பூவை மடித்துத் தந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் பூவைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

"அவளே சொல்லிட்டாளா?"

"ஆமாங்க. இனி அது என் நேர்த்தி."

"அப்ப ஊட்டு."

அவித்த முட்டையைப் பிட்டு ஊட்டினேன். சத்துமாக் கரைத்த பாலும் உள்ளே போனது. டாக்டரம்மா எழுதிய விட்டமின் மாத்திரைகளையும் முழுங்கினார். "முட்டையில உப்பு இல்ல" என்று குறை வேறு. அந்தக் குறையைக் கேட்டபோதுதான் எனக்கு உயிர் திரும்பி வந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேறினார். உடம்பு தேறியதும் மறுபடி தோல் ஒட்டினார்கள். சில நாள் கழித்துக் கட்டை அவிழ்த்த டாக்டரம்மா, "பிடிச்சிட்டுது, வந்து பாருங்கோ" என்றார். வெறும் சதையாகக் கிடந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். டாக்டரம்மாவைக் கும்பிட்டேனா, அம்மாவைக் கும்பிட்டேனா, எனக்கே தெரியாது. சீழ் வைக்கவில்லை. இப்போது தோட்டத்தில் யாருக்குப் புண் வந்தாலும் முதலில் முட்டையோடு போவது பார்வதியக்காதான்.

இந்த மாசியில் அவர் அம்மா வாசலில் வந்து நின்றார். மடங்கிப்போய்விடுமோ என்று பயந்த இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவை நம்பியிருக்கும் உறவுகளே, கஷ்டம் வந்தால் அவளிடம் போங்கள். கோபம் வந்தால் திட்டுங்கள், தாங்கிக்கொள்வாள். நேர்த்தியும் வையுங்கள். ஆனால் விரதம் நாம் இருப்போம். படுத்துக் கிடப்பவர் சாப்பிடட்டும்.