நாற்பது கையெழுத்தும் இருபத்தைந்து படிவமும்

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் பாடசாலையைத் துப்புரவு செய்த பராஸ்கா, வொலீனியா என்ற எல்லை மாகாணத்தில் பிறந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது அது போலந்தின் ஆட்சியில் இருந்தது. ஊர்ச்சனம் பேசியது உக்ரேனிய மொழி. பள்ளியில் படித்தது போலிஷ். உக்ரேனிய மொழியும் வேண்டுமென்றால் நாற்பது பிள்ளைகளின் பெற்றோர் கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும்.

பராஸ்காவின் தகப்பன் தனிலோ வீடு வீடாக நடந்து நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்குக் கையெழுத்துச் சேர்த்தார். எழுதத் தெரியாதவர்கள் சிலுவைக் குறி போட்டிருந்தார்கள். குறி செல்லாது என்று மனு திரும்பி வந்தது. தனிலோ அதை அலுமாரிக்கு மேல் வைத்தார்; மறுபடி அனுப்பவில்லை. பராஸ்கா தன் மொழியை எழுதப் பழகியது போருக்குப் பிறகு, ஜெர்மனியில் ஓர் அகதி முகாமில், இருபத்திரண்டு வயதில்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது 1987இல். பராஸ்காவோடு வேலை செய்த யோகமலர் அன்ரி சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கல்விச் சபையின் கந்தோரில் விண்ணப்பித்தார். இருபத்தைந்து பிள்ளைகள் வேண்டும். இருபத்தேழு படிவம் கொடுத்தார். நிரப்பியது நான். ஒன்பது திரும்பி வந்தன: தகப்பனின் கடைசிப் பெயரும் பிள்ளையின் கடைசிப் பெயரும் வேறாம். இரத்தினவேல் என்ற ஒரு தகப்பனின் கடைசிப் பெயர் தியாகலிங்கம், அது அவருடைய தகப்பன் பெயர். அவர் மகனுக்குக் கடைசிப் பெயர் இரத்தினவேல். எங்களுக்கு வழக்கம், கந்தோருக்குப் பிழை. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

“விடு, வீட்டில சொல்லிக் குடுப்பம்,” என்று அன்ரி என்னிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அங்கே பராஸ்கா பிடித்துக்கொண்டார். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். அன்ரி எனக்குத் திருப்பிச் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

“எது பிழையெண்டு எழுதியிருக்கோ?” என்று கேட்டார் பராஸ்கா.

“ஓம்.”

“பிறகென்ன? என்ர அப்பா மாதிரி அலுமாரிக்கு மேல வைக்கப் போறியோ?”

“எங்கட வீட்டில அலுமாரியே இல்லை.”

வெள்ளிக்கிழமை பராஸ்கா தேவாலயத்துக்குப் போடும் கோட்டோடு வந்து அன்ரியைக் கந்தோருக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“நீங்கள் எந்தப் பிள்ளையின்ர தாய்?” என்று பராஸ்காவிடம் கேட்டார் எழுதுவினைஞர்.

“ஒருத்தரின்ர தாயும் இல்லை. அந்த வகுப்பறையைக் கூட்டிறது நான்.” பிறகு நிதானமாகச் சொன்னார்: “எங்கட ஊரில என்ர பேர் பராஸ்கா தனிலிவ்னா. தனிலோவின்ர மகள் எண்டு அர்த்தம். இவையும் தகப்பன் பேரைத்தான் சேர்க்கினம். இதில என்ன விளங்கேல்லை?”

எழுதுவினைஞர் சிரித்துவிட்டார். ஒன்பது படிவங்களிலும் ‘தகப்பன் பெயர்’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

முதல் சனிக்கிழமை இருபத்தாறு பிள்ளைகள் வந்தார்கள். திங்கட்கிழமை காலை கரும்பலகையில் தமிழ் வகுப்பில் எழுதிய ‘அம்மா’ அப்படியே இருந்தது. ஏன் அழிக்கவில்லை என்று அந்த அறையின் ஆசிரியை பராஸ்காவிடம் கேட்டார்.

“டஸ்டரைக் காணேல்லை,” என்றார் பராஸ்கா.

அது அவருடைய மேலங்கிப் பைக்குள் இருந்ததை அன்ரி கண்டிருக்கிறார்.