பாதியில் வெட்டிய பலாப்பழ ஜோக்

1. சுவிட்ச்

நான் சுவிட்சைத் தட்டியபோது மாணிக்கம் பாதி வாக்கியத்தில் இருந்தார். விரலை அசைத்த அந்த ஒரு நொடிக்கு நான் பல நாள் அனுபவித்தேன். புதிதாக ஹாம் ரேடியோ லைசென்ஸ் எடுத்துவிட்டு, ‘நெட்டை நான் நடத்துகிறேன்’ என்று துள்ளும் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுத் துள்ளினால் நல்லது.

தொண்ணூறுகளில் நான் ஏற்காடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வேலை நேரத்தில் ஊரார் பேச லைன் கொடுப்பேன். மற்ற நேரத்தில் வீட்டில் வயர்லெஸ் முன்னால் உட்காருவேன். வாய் ஓயாத பிழைப்பு. என் வீட்டுப் பின்னறையில்தான் எங்கள் குழுவின் ரிப்பீட்டர் இருந்தது. கீழே சேலத்தில் ஒருவர் பேசினால், அதை இந்தப் பெட்டி வாங்கி மலை சுற்றிலும் எல்லாருக்கும் கேட்கும்படி திருப்பி அனுப்பும். பெட்டி என் வீட்டில் இருந்ததால் காலை ஏழு மணிக் கூட்டத்துக்கு, அதாவது ‘நெட்’டுக்கு, நான்தான் கன்ட்ரோலர், பெயர் கூப்பிட்டு முறை கொடுப்பவள். சம்பளம் கிடையாது. கரண்ட் பில் மட்டும் என்னுடையது.

மழைக்காலத்தில் சில்வர் ஓக் மரம் சாய்ந்து டெலிபோன் கம்பி அறுந்தால் எங்களுக்கு மரியாதை வந்துவிடும். ஆம்புலன்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாங்கள்தான் செய்தி சொல்வோம். மற்ற மாதங்களில் பதினைந்து பேர் கூடி ஜோக் சொல்வோம். அவ்வளவுதான் எங்கள் பொதுத்தொண்டு.

2. ஐந்து அம்ச சட்டம்

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. ஒருவர் ‘ஓவர்’ என்று முடித்து மைக் பட்டனை விடும்வரை வேறு யாரும் பேச முடியாது. ஜோக் எவ்வளவு கேவலமாக இருந்தாலும் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். ரிசீவர் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாம் என்பது அடுத்த சங்கடம்.

சேலத்தில் மருந்துக்கடை வைத்திருந்த பார்த்திபன்தான் எங்கள் ஜோக் மொத்த வியாபாரி. முக்கால்வாசி பொண்டாட்டி ஜோக். அவர் மனைவி கடைக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் பேச்சு சட்டென்று மழை நிலவரத்துக்குத் தாவும். ஒரு நாள் யாரோ புகார் எழுதிவிட்டார்கள். லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸிலிருந்து, அலைவரிசையில் தகாத பேச்சு நடப்பதாகவும் இது தொடர்ந்தால் ரிப்பீட்டரை மூட வேண்டிவரும் என்றும் ஒரு கடிதம் வந்தது.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அன்றே சட்டம் எழுதினேன். மனைவி, சாதி, மதம், உடம்பு, ஊர்க்காரர்கள் ஆகிய ஐந்தையும் வைத்து இனி ஜோக் கூடாது. மீறினால் ரிப்பீட்டர் கட். மறுநாள் நெட்டில் வாசித்தேன்.

“அப்ப மிச்சம் என்னங்க மேடம் இருக்குது? மழை நெலவரமா? ஓவர்” என்றார் பார்த்திபன்.

“மழை நிலவரம்தான். அதையும் பாத்துச் சொல்லுங்க. ஓவர்” என்றேன்.

3. மலைக்காரர்

மாணிக்கம் மலைமேல் வாழவந்தி கிராமத்து விவசாயி. காபி, மிளகு, கொஞ்சம் ஆரஞ்சு. லைசென்ஸுக்கான மோர்ஸ் தந்திப் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை தேறியவர். களத்தில் காபிக்கொட்டை காயும்போது தகரத்தில் குச்சியால் தட்டித் தட்டிப் படித்தாராம். எங்கள் குழுவில் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர் ஒருவர்தான். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே வயர்லெஸ் ஸ்டேஷனும் அவருடையதுதான். சேலத்து ஆட்கள் அவரைச் சரிசமமாக நடத்தவே ஒரு வருடம் ஆயிற்று. அந்த இடத்தை அவர் மிக மெதுவாக, அதிர்ந்து பேசாமல் சம்பாதித்திருந்தார்.

சட்டம் வாசித்து நாலு நாள் இருக்கும். மாணிக்கம் முறை வந்தது.

“ஒரு கதை சொல்றனுங்க. நம்ம மலைக்காரன் ஒருத்தன் பலாப்பழம் விக்கச் சேலத்துக்குப் போனானுங்க. பஸ் ஸ்டாண்டுல எடை பாக்கற மிசினு இருக்குதுல்லீங்க, காசு போட்டா சீட்டு வருமே, அதப் பாத்தான். தலையில இருந்த பழத்த எறக்காமயே மேல ஏறி நின்னுட்டான். பக்கத்துல இருந்த மண்டிக்காரரு வயித்தப் புடிச்சுட்டு சிரிக்கறாரு. ‘அட மலைக்காரா, உன்ற எடையோட பழத்து எடையும் சேத்துக் காட்டுமேடா, இதுகூடத் தெரியாதா’ன்னு…”

ஊர்க்காரர்கள், அம்சம் ஐந்து. தட்டினேன் சுவிட்சை. ரிப்பீட்டர் செத்தது. அரை நிமிடம் கழித்து உயிர் கொடுத்து, “மலை மக்களைக் கேவலப்படுத்தும் ஜோக்குக்கு இங்கே இடமில்லை. அடுத்த ஸ்டேஷன், ஓவர்” என்றேன். பெருமையாக இருந்தது. என் சட்டம் ஆள் பார்க்காது என்று காட்டிவிட்டேன் அல்லவா! மலைக்காரரிடமிருந்தே மலைக்காரரைக் காப்பாற்றிய வீராங்கனை நான்.

4. பட்டப்பெயர்

ஜோக்கின் முதல் பாதி மட்டும் எல்லார் காதிலும் விழுந்திருந்தது. மறுநாள் காலை மாணிக்கம் வந்ததும் சேலத்திலிருந்து ஒரு குரல், “என்னங்க, பழத்த எறக்கியாச்சுங்களா?” என்றது. அதற்கடுத்த நாள் மூன்று குரல்கள். மூன்றாம் நாள் பார்த்திபன், “பலாப்பழம் ஸ்டேஷன், வாங்க வாங்க” என்று வரவேற்றார். இதில் சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை. பலாப்பழத்தை நான் தடை செய்யவில்லையே.

நாலாம் நாள் பெயர் கூப்பிட்டேன். மாணிக்கத்திடமிருந்து பதில் இல்லை. ஐந்தாம் நாளும் இல்லை. ஒரு வாரம் வெறும் இரைச்சலைக் கேட்டேன். ஒரு வருடம் கஷ்டப்பட்டு அந்த மனிதர் பிடித்த இடத்தை நான் ஒரு விரலால் பிடுங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வாழவந்திக்குப் பஸ் ஏறினேன்.

5. களத்தில்

மாணிக்கம் களத்தில் மிளகு கிளறிக்கொண்டிருந்தார். “வாங்க மேடம், ஊட்டுக்குள்ள வந்து உக்காருங்க” என்றார். கோபத்திலும் மரியாதை குறையாத மனிதர்களிடம்தான் எனக்குப் பயம்.

“ஏனுங்க நெட்டுக்கு வர்றதில்லை?”

“ரேடியோவத் துணி சுத்திப் பரண்ல போட்டுட்டனுங்க.”

“உங்களை யாரும் கேலி பண்ணக்கூடாதுன்னுதான் கட் பண்ணேன்.”

அவர் கிளறுவதை நிறுத்தினார். “அவிக கேலி பண்ணுனா நான் பதில் சொல்லிக்குவனுங்க. நீங்க காப்பாத்தறேன்னு என்ற வாயப் பொத்திப் போட்டீங்க. இப்ப நான் என்னத்தச் சொல்லட்டும்? கதையில சிரிச்சவன் சிரிச்சபடியே நிக்கறானுங்க.”

“மிச்சக் கதை என்னங்க?”

“அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

காபி வந்தது. குடித்தேன். கடைசியில் கேட்டுவிட்டேன். “நான் என்ன செஞ்சா வருவீங்க?”

“முழுசாக் கேக்காம வெட்டுனது தப்புன்னு நீங்களே எல்லாருத்துக்கும் கேக்கறாப்புல சொல்லோணும். அப்பறம் நான் சொல்றேன். கை சுவிட்சுப் பக்கம் போகக் கூடாதுங்க.”

எக்ஸ்சேஞ்சில் மேலதிகாரியிடம்கூட மன்னிப்புக் கேட்டறியாதவள் நான். சரி என்றேன்.

6. ஞாயிற்றுக்கிழமை

அன்று பதினைந்து பேரும் இருந்தார்கள். என் மன்னிப்பு இரண்டு வாக்கியம். அதற்குள் இரண்டு முறை இருமினேன். பிறகு மாணிக்கம் வந்தார். கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார், முன்னைவிட மெதுவாக. மலைக்காரன் மிஷினில் ஏறினான். மண்டிக்காரர் சிரித்தார். அந்த இடத்தில் நிறுத்தி, “மேடம், வெட்டறீங்ளா? ஓவர்” என்றார்.

“இல்லீங்க. சொல்லுங்க. ஓவர்.”

“மலைக்காரன் ஒண்ணும் பேசுலீங்க. சீட்ட எடுத்து மடியில வெச்சுக்கிட்டான். பழத்தக் கீழ எறக்கி வெச்சான். மறுக்காக் காசு போட்டு, தான் மட்டும் ஏறி நின்னான். ரெண்டாவது சீட்டு வந்துச்சு. ரெண்டு சீட்டையும் மண்டிக்காரருகிட்ட நீட்டி, ‘சாமி, எனக்குப் படிப்பு வராதுங்க. இதுல இத நீங்களே கழிச்சு, இந்தப் பழம் எத்தன கிலோன்னு சொல்லுங்க. உங்க தராசுல பாதிதான் காட்டுச்சு’ன்னான். மண்டிக்காரரு சிரிப்ப நிறுத்துனாரு. ஓவர்.”

பிறகு பார்த்திபன் பட்டனை அழுத்தினார். சிரிப்பை அடக்க முடியாமல் மூச்சு வாங்குவது கேட்டது. “மாணிக்கம் அண்ணா, சிரிச்ச அந்த மண்டிக்காரரு நாந்தானுங்க. மன்னிச்சுக்குங்க. ஓவர்” என்றார். பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தியதில் ரிப்பீட்டர் ஊளையிட்டது. நான் தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சிரிப்பால்தான் என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

ஐந்து அம்சங்களைக் கிழித்துப் போட்டேன். ஒரே சட்டம் மிஞ்சியது: கன்ட்ரோலர் முழுசாகக் கேட்ட பிறகுதான் தீர்ப்பு.

அடுத்த வாரமே மாணிக்கம் டெலிபோன் ஆபரேட்டர் பெண்களைப் பற்றி ஒரு ஜோக் எடுத்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு கடைசி வார்த்தைவரை கேட்டேன். கடைசி வார்த்தைவரை கேவலமாக இருந்தது. மூன்று நாள் நெட்டுக்கு வரக்கூடாது என்று தடை போட்டேன்.

“இது நாயமுங்க. நாலாம் நாள் வர்றனுங்க. ஓவர்” என்றார்.

நாலாம் நாள் நான் பெயர் கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்றார்.